எடை நிறையக் குறைந்த பின் மார்பகத் தூக்கு சிகிச்சையும் இம்பிளாண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது, ஐம்பது கிலோ குறைத்துவிட்டு என்னிடம் வரும் பெண்களில் பலர் உட்கார்ந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். "இதைப் போய்க் கேட்கிறேனே" என்று தயங்குகிறார்கள். தயங்க ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் சர்ஜனாக நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நேரில் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரின் வார்த்தைக்கு இது மாற்று இல்லை. அவரிடம் போகும்முன் விஷயம் தெரிந்து போக உதவும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தேன். மார்பு ஏன் இப்படி ஆகிவிட்டது?

நீங்கள் எதுவும் தவறாகச் செய்யவில்லை. மார்பகத்துக்குள் இருப்பது பால் சுரப்பியும் கொழுப்பும்தான். எடை ஏறிய வருடங்களில் கொழுப்பு சேரச் சேரத் தோல் விரிந்தது. உள்ளே இருப்பதைத் தோலோடும் நெஞ்சோடும் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய நார்களும் நீண்டுபோயின. பிறகு கொழுப்பு போய்விட்டது, ஆனால் தோலும் நாரும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பெரிய தலையணை உறைக்குள் பாதிப் பஞ்சை மட்டும் வைத்ததுபோல, மேல் பாதி காலியாகி, இருப்பதெல்லாம் அடியில் போய்த் தங்குகிறது.

தோல் ஏன் திரும்பவில்லை என்றால், அதை இழுத்துச் சுருங்க வைக்கும் எலாஸ்டின், கொலாஜன் இழைகள் சேதப்பட்டிருக்கின்றன. மார்பில் தெரியும் வெள்ளைக் கோடுகள் அந்தச் சேதத்தின் அடையாளம், தோலுக்குள்ளேயே விழுந்த தழும்பு மாதிரி. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தத் தளர்ந்த தோலில்தான் வந்து நிற்கும்.

தொய்வைக் காம்பின் இடத்தை வைத்து அளப்போம். மார்பின் அடி மடிப்புக்கு நேராகக் காம்பு இருந்தால் முதல் நிலை. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை. மார்பகத்தின் அடி விளிம்பிலேயே தரையைப் பார்த்து இருந்தால் மூன்றாம் நிலை. நிறைய எடை குறைத்தவர்களில் மூன்றாம் நிலையைத்தான் அதிகம் பார்க்கிறோம். கூடவே அக்குளை ஒட்டி முதுகுவரை ஓடும் ஒரு தோல் மடிப்பும் இருக்கும். அதையும் கணக்கில் எடுக்காமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்தால் வேலை பாதியில் நின்றதுபோல இருக்கும்.

உடற்பயிற்சி செய்தால் சரியாகாதா? கிரீம்?

ஆகாது. நெஞ்சுத் தசை மார்பகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பலப்படுத்துவது நல்லதுதான், ஆனால் முன்னால் தொங்கும் தோலை அது தூக்காது. கிரீமுக்குச் செலவு செய்யாதீர்கள்.

எனக்குத் தேவை தூக்கு சிகிச்சையா, இம்பிளாண்டா, இரண்டுமா?

இரண்டும் வேறு வேறு குறையைச் சரிசெய்பவை. தூக்கு சிகிச்சையில் அதிகத் தோலை எடுத்து, உள்ளே இருப்பதை மேலே நகர்த்தி, காம்பைச் சரியான உயரத்தில் வைக்கிறோம். அளவு கூடாது, கொஞ்சம் சிறிதானதுபோலக்கூடத் தெரியும். இம்பிளாண்ட் என்பது மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை. அது அளவைக் கூட்டும், மேல் பாதியை நிரப்பும். ஆனால் தொங்கும் காம்பை அது மேலே கொண்டுவராது.

வீட்டில் கண்ணாடி முன்னால் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பிராவைப் போட்டு, மார்பகத்தை எடுத்து உள்ளே ஒழுங்காக வையுங்கள். இந்த அளவு எனக்குப் போதும் என்று தோன்றினால், பெரும்பாலும் தூக்கு சிகிச்சை மட்டும் போதும். அப்படி வைத்தும் கப்பின் மேல்பக்கம் காலியாக மடங்குகிறது, அது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது என்றால், அளவைக் கூட்டும் வழிகளைப் பற்றிப் பேசலாம்.

பலர் கேட்பது இதைத்தான்: "தழும்பு வேண்டாம், பெரிய இம்பிளாண்டை வைத்துத் தோலை நிரப்பிவிடுங்களேன்." கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எடை குறைத்த உடம்பில் இது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடிகிறது. இம்பிளாண்ட் மேலே ஒரு மேடாக நிற்க, சொந்த மார்பகம் அதன்மேல் வழிந்து கீழே தொங்கும். அல்லது பாரமான இம்பிளாண்டைத் தாங்க முடியாமல் தளர்ந்த தோல் இன்னும் நீண்டு, எல்லாம் சேர்ந்து கீழே இறங்கும். காம்பு அடி மடிப்புக்குக் கீழே இருக்கும் பெண்ணுக்கு இம்பிளாண்ட் மட்டும் வைப்பதை நான் ஏற்பதில்லை.

இரண்டையும் ஒரே தடவையில் செய்துவிடலாமா?

செய்யலாம். செய்யும் சர்ஜன்கள் நிறையப் பேர். ஒரு மயக்கம், ஒரு ஓய்வுக் காலம் என்று வசதி உண்டு. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். தூக்கு சிகிச்சை தோலைக் குறைத்து இறுக்குகிறது. இம்பிளாண்ட் அதே தோலை உள்ளிருந்து தள்ளி விரிக்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில், அதுவும் ஏற்கெனவே பலம் குறைந்த தோலில் செய்கிறோம். தையல் இழுபடும். காம்புக்கும் தோலுக்கும் போகும் ரத்த ஓட்டம் குறையக்கூடும். எவ்வளவு தோலை எடுப்பது என்ற கணக்கு மிகவும் நுணுக்கமாகிவிடும். இதனால்தான், தனித்தனியாகச் செய்யும்போது இருப்பதைவிட, ஒன்றாகச் செய்யும்போது மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதிகம்.

தொய்வு அதிகம் இருந்தால் நான் சொல்வது இரண்டு கட்டம். முதலில் தூக்கு சிகிச்சை. மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்து, வீக்கம் வற்றி, தோல் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்த பிறகு இம்பிளாண்ட். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முதல் கட்டம் முடிந்ததும் "இதுவே போதும் டாக்டர்" என்று நிறுத்திக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். வடிவம் திரும்பி வந்ததும் அளவைப் பற்றிய கவலை குறைந்துவிடுகிறது. அந்த வாய்ப்பை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள்.

தொய்வு குறைவு, தோல் ஓரளவு கெட்டி, சிறிய இம்பிளாண்ட் போதும் என்றால் ஒரே தடவையில் செய்வது நியாயமான முடிவுதான்.

இம்பிளாண்ட் இல்லாமல் அளவைக் கூட்ட வழி உண்டா?

உண்டு. எடை குறைத்தவர்களுக்கு இது ஒரு அனுகூலம்கூட. அக்குள் ஓரமாக முதுகுக்குப் போகும் அந்த மடிப்பு சொன்னேன் அல்லவா? வெட்டி எறிய வேண்டிய அந்தத் திசுவை, ரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பி மார்பகத்துக்குள் வைத்து, விலா எலும்பின் உறையோடு தையல் போட்டு நிறுத்தலாம். ஓரத்து மடிப்பும் போகும், மார்பகமும் நிரம்பும். உங்கள் சொந்தத் திசு என்பதால் பின்னால் மாற்ற வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இருக்காது. தழும்பு மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் நீளும்.

இன்னொரு வழி, வேறு இடத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து மார்பில் செலுத்துவது. செலுத்தியதில் ஒரு பங்கு சில மாதங்களில் கரைந்துவிடும், அதனால் ஒரு தடவைக்கு மேல் தேவைப்படலாம். எடுக்கிற அளவுக்குக் கொழுப்பு மிச்சம் இருக்கவும் வேண்டும். ஆனால் மேல்பக்கம் சின்னக் குழி இருந்தால் அதை மட்டும் நிரப்ப நல்ல வழி.

எப்போது செய்துகொள்ளலாம்?

எடை ஓரிடத்தில் நின்ற பிறகு. குறைந்தது மூன்று மாதம், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. எடை குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அது முடிந்து 12 முதல் 18 மாதம் ஆகட்டும். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது செய்தால், சிகிச்சைக்குப் பிறகு இன்னும் பத்து கிலோ குறைந்து, இறுக்கிய தோல் மறுபடி தளர்ந்துவிடும். உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் காயம் நன்றாக ஆறும். 35-ஐத் தாண்டினால் சிக்கல்கள் கூடுகின்றன.

சீக்கிரம் கர்ப்பமாகும் எண்ணம் இருந்தால், குழந்தை பிறந்து பால் குடி மறந்து ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். செமாக்ளூடைட், டிர்ஸெபடைட் போன்ற மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி இருந்து வந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கம் கொடுக்கும்போது அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. ஊசியை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் முன்பு, முந்தின நாள் திரவ உணவு மட்டும் போதுமா என்பதை உங்கள் மயக்க மருந்து நிபுணர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள், சர்க்கரை நோய்க்காகப் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வேறு என்ன தயாரிப்பு?

சத்து. வெளியே நன்றாகத் தெரியும் பலருக்கு உள்ளே சத்துக் குறைவு இருக்கும், குறிப்பாக இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு. புரதம், இரும்புச் சத்து, பி12, ஃபோலிக் அமிலம், டி வைட்டமின், துத்தநாகம் இவற்றைப் பரிசோதித்து, குறை இருந்தால் நிரப்பிய பிறகே தேதி குறிக்க வேண்டும். புரதம் போதாத உடம்பில் தையல் போட்டால் அது பிரியும். இந்த ஒரு காரணத்துக்காகத் தேதியைத் தள்ளிவைத்தால் கோபப்படாதீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான்.

புகைப்பழக்கம் இருந்தால் முன்பு நான்கு வாரம், பின்பு நான்கு வாரமாவது முழுமையாக நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் இதில் சேர்த்தி. நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். காம்புக்கு ரத்தம் போகும் வழியே சிறியது, அதையும் சுருக்கினால் காம்பை இழக்க நேரலாம். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகள், மூலிகைச் சத்து மாத்திரைகள் எதுவானாலும் பட்டியல் எழுதி எடுத்துப் போங்கள்.

தழும்பு எவ்வளவு தெரியும்?

தெரியும். இதை மறைத்துப் பேசுபவரை நம்ப வேண்டாம். காம்பைச் சுற்றி மட்டும் தழும்பு, காம்பைச் சுற்றியும் கீழே நேராகவும் தழும்பு, அதோடு அடி மடிப்பிலும் ஒரு கோடு என்று மூன்று வகை. எடை நிறையக் குறைத்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் தேவைப்படுகிறது, ஏனென்றால் எடுக்க வேண்டிய தோல் அவ்வளவு இருக்கிறது. குறைந்த தழும்புக்காகச் சின்ன வெட்டில் செய்தால், வடிவம் கிடைக்காது.

முதல் சில மாதம் தழும்பு சிவந்து தடித்து இருக்கும், அந்தச் சமயத்தில் மனம் சோர்வது இயல்பு. மங்கி மெலிய 12 முதல் 18 மாதம் ஆகும். காயம் ஆறியபின் சிலிகான் பட்டை ஒட்டுவதும், வெயில் படாமல் பார்ப்பதும் உதவும். காதுகுத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்த அனுபவம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

இம்பிளாண்டில் எது, எவ்வளவு பெரியது?

உறை எல்லாவற்றிலும் சிலிகான்தான். உள்ளே இருப்பது சிலிகான் ஜெல் அல்லது உப்பு நீர். எடை குறைத்தவர்களுக்குத் தோலும் கொழுப்பும் மெல்லியதாக இருப்பதால் இம்பிளாண்டின் ஓரமும் சுருக்கமும் வெளியே தெரியலாம். உப்பு நீர் வகையில் இது அதிகம், ஜெல்லில் குறைவு. மேல் பாதியை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்தால் ஒரு கூடுதல் போர்வை கிடைக்கும்.

அளவைப் பொறுத்தவரை, சிறியது நல்லது. பழைய எடையில் இருந்த மார்பைத் திரும்பக் கேட்பவர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்கிய தோல் இப்போது இல்லை. ஒவ்வொரு கிராமும் தளர்ந்த தோலில்தான் தொங்கப்போகிறது.

இம்பிளாண்ட் வாழ்நாள் முழுக்க வருமா? பாதுகாப்பானதா?

வாழ்நாள் முழுக்க வரும் என்று எண்ணி வைக்காதீர்கள். முதல் சிலிகான் இம்பிளாண்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு தரம் நிறைய முன்னேறியிருக்கிறது, இருந்தும் ஒரு நாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரும் பொருள்தான் இது. முப்பது வயதில் வைத்துக்கொள்பவர் இன்னும் ஒரு அறுவை சிகிச்சையாவது வரும் என்று கணக்கில் வைக்க வேண்டும்.

அதிகம் வரும் தொல்லை, சுற்றி உருவாகும் உறை இறுகுவது. எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் உடம்பு ஒரு மெல்லிய சவ்வு கட்டும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கி, மார்பு கல்லாக இறுகி, வலிக்கும். அப்போது எடுக்க வேண்டியிருக்கும். இம்பிளாண்டின் சிலிகான் உறையே கிழிவதும் உண்டு. உப்பு நீர் என்றால் மார்பு வடிந்து உடனே தெரிந்துவிடும். ஜெல் என்றால் வெளியே ஒன்றும் தெரியாமலே கிழிந்திருக்கலாம். அதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஜெல் இம்பிளாண்டுகளுக்கு, வைத்த 5 அல்லது 6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை என்று பரிந்துரைக்கிறது.

அரிதான ஒன்றையும் சொல்ல வேண்டும். இம்பிளாண்டைச் சுற்றி உடம்பு கட்டும் சவ்வில் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது கண்டறியப்பட்டு, 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாக ஏற்றது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளாண்டுகளோடு பெரும்பாலும் தொடர்புடையது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பு வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்கினால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

இம்பிளாண்ட் வைத்தபின் தீராத களைப்பு, மூட்டு வலி, மறதி என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். இதை உறுதிசெய்ய ஒரு பரிசோதனை கிடையாது. ஆனால் எடுத்தபின் தேறியதாகச் சொல்பவர்கள் பலர். "எல்லாம் உங்கள் கற்பனை" என்று தள்ளிவிடும் மருத்துவரிடம் நான் போகமாட்டேன். 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த அறிகுறிகளையும் சேர்த்துத்தான், கட்டம் போட்டுத் தனியாகக் காட்டும் எச்சரிக்கையை இம்பிளாண்டுகளுக்குக் கட்டாயமாக்கியது.

இம்பிளாண்டின் நிறுவனம், வகை, எண் எழுதிய அட்டையைத் தருவார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள். 2010-இல் பிரான்ஸின் பிஐபி நிறுவனம் தன் இம்பிளாண்டுகளில் மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிகானை நிரப்பியது வெளிவந்தபோது, உள்ளே இருப்பது எது என்று தெரிவதே முதல் தேவையாக இருந்தது.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். உங்கள் வயதுக்குத் தேவையான மார்பகப் பரிசோதனையைச் சிகிச்சைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு போகும்போது இம்பிளாண்ட் இருப்பதை முன்கூட்டியே சொன்னால், அதைப் பின்னால் தள்ளிக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். தூக்கு சிகிச்சையின் உள் தழும்பும் படத்தில் தெரியும், அதனால் பழைய படங்களையும் கொண்டுபோங்கள்.

தாய்ப்பால் கொடுக்க முடியுமா? உணர்ச்சி இருக்குமா?

பலரால் கொடுக்க முடிகிறது, சிலருக்குப் பால் குறைகிறது. யாருக்கு எப்படி என்று முன்பே சொல்ல இயலாது. காம்பின் உணர்ச்சி முதலில் மரத்தோ கூசியோ இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும், சிலருக்கு முழுவதும் திரும்புவதில்லை.

வலி, ஓய்வு எப்படி?

தூக்கு சிகிச்சைக்கு இரண்டு, மூன்று மணி நேரம், முழு மயக்கம். முதல் வாரம் வலி மாத்திரையோடு கழியும். தசைக்கு அடியில் இம்பிளாண்ட் வைத்தால் நெஞ்சு இறுக்கம் கூடுதலாக இருக்கும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் போகலாம். ஆறு வாரம் தாங்கும் பிரா, மல்லாந்து படுப்பது, பாரம் தூக்காமல் இருப்பது. சின்னக் குழந்தை இருந்தால் தூக்கிக் கொடுக்க வீட்டில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டே வாருங்கள், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகி வலித்தால், காம்பு கறுத்தால், காய்ச்சலோடு சிவந்து சீழ் வந்தால், கெண்டைக்கால் வலித்து வீங்கினால், மூச்சு வாங்கினால். கடைசி இரண்டும் ரத்தக் கட்டியின் அறிகுறி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடியில் தையல்கள் சந்திக்கும் இடத்தில் சின்னதாகப் பிரிவது அடிக்கடி நடப்பது. காட்டுங்கள், ஆனால் பயப்பட வேண்டாம், கட்டுப் போட்டே ஆறிவிடும்.

மறுபடி தொங்குமா?

கொஞ்சம் இறங்கும். தோலின் பலத்தை எந்தச் சிகிச்சையும் திருப்பித் தருவதில்லை, இருக்கும் தோலைச் சரியாக அமைக்கத்தான் முடிகிறது. முதல் வருடத்தில் ஓரளவு இறங்கி நிற்கும், அதை முன்கூட்டியே எண்ணித்தான் நாங்கள் சற்று மேலே வைக்கிறோம். அதனால் முதல் மாதத்தில் மேல்பக்கம் அதிகமாக நிரம்பித் தெரிந்தால் கவலைப்படாதீர்கள்.

வயிறு, கை எல்லாம் சேர்த்துச் செய்துவிடலாமா?

இரண்டைச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம். மயக்க நேரம் நீள நீள ரத்த இழப்பும் ரத்தக் கட்டி அபாயமும் கூடும்.

"இது வெறும் அழகு ஆசை" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மார்பின் அடியில் வேர்வையோடு தோல் உரசிப் புண்ணாவது, ஓடும்போது இழுபடுவது, எந்த உடையும் பொருந்தாமல் போவது, இவையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. சரி, அது எதுவும் இல்லை, கண்ணாடியில் பார்க்கும்போது உறுத்துகிறது என்பது மட்டும்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் காரணம்தான். இத்தனை கிலோவைக் குறைத்த பெண்ணுக்கு அந்த உடம்பில் நிம்மதியாக இருக்க உரிமை இல்லையா?

ஆனால் கணவர் சொன்னதற்காகவோ, இதைச் செய்தால் உறவு சரியாகிவிடும் என்றோ வந்தால், நான் கத்தியை எடுக்கமாட்டேன். எடை குறைந்தும் மனச்சோர்வு தீரவில்லை என்றால் அதற்கு முதலில் உதவி தேடுவோம். செய்யாமல் இருப்பதாலும் உடம்புக்குக் கேடு எதுவும் வராது, எத்தனை வருடம் கழித்தும் செய்யலாம்.

சர்ஜனிடம் என்ன கேட்க வேண்டும்?

பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பட்டம் உண்டா? எடை நிறையக் குறைத்தவர்களுக்கு இதைச் செய்த அனுபவம் எவ்வளவு? என்னைப் போன்ற உடம்பு உள்ளவர்களின் முன், பின் படங்களை, ஒரு வருடம் கழிந்த படங்களையும் காட்டுவீர்களா? ஒரே தடவையா, இரண்டு கட்டமா, ஏன்? மறுபடி சரிசெய்ய நேர்ந்தால் செலவு யாருடையது? எல்லோரும் மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: பத்து வருடம் கழித்து இம்பிளாண்டை எடுத்துவிட்டு வேறு வைக்காமல் விட்டால், என் மார்பு எப்படி இருக்கும்? மறுபடி ஒரு தூக்கு சிகிச்சை தேவைப்படலாம் என்பதை அவர் அப்போதே சொல்ல வேண்டும்.